போஸ்டேஜ் தனி என்று எழுதுங்கள்

பழைய பொருளை வாங்கி ஆன்லைனில் விற்கத் தொடங்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஷிப்பிங் ஃப்ரீன்னு போடுங்க, அப்பத்தான் போகும்" என்பதுதான். பழைய இரும்புக் கடையில் பித்தளை விளக்கையும், காலி செய்கிற வீட்டில் புத்தகக் கட்டையும் எடுத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் எங்கள் ஆந்திரப் புத்தூர், நகரிப் பையன்களும் இதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். இந்த அறிவுரை தவறு. விற்பவரையும் கெடுக்கிறது, வாங்குபவரையும் ஏமாற்றுகிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. அமேசான் 2002-இல் அமெரிக்காவில் 99 டாலருக்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை என்று அறிவித்தது. வேறொரு கட்டத்தில் மற்ற நாடுகளில் இலவசமாக்கிவிட்டு பிரான்சில் மட்டும் அந்தச் செலவை ஒரு ஃபிராங்க் என்று வைத்தபோது அங்கே விற்பனை ஏறவில்லை, அதையும் நீக்கியபின் ஏறியது என்று நடத்தைப் பொருளியல் அறிஞர் டான் ஏரியலி 2008-இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். 'இலவசம்' என்ற சொல் மனிதரை இழுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மாதிரிப் பெட்டியை லட்சக்கணக்கில் அனுப்புகிற நிறுவனம், இன்று ஒரு பார்சலில் போனதை நாளை இன்னொன்றில் எடுத்துவிடும். பழைய சாமானில் ஒவ்வொன்றும் ஒற்றைப் பொருள். அதன் எடையும் அளவும் போகிற ஊரும் வேறு. சராசரி போட அங்கே இரண்டாவது உருப்படி கிடையாது.

பேரத்தைப் பாருங்கள். ஒரு குத்துவிளக்கு, 1,800 ரூபாய், ஷிப்பிங் ஃப்ரீ என்று வைத்துக்கொள்வோம். "அண்ணா, லாஸ்ட் எவ்ளோ? 1,500-க்கு முடிச்சுக்கலாமா?" என்று மெசேஜ் வரும். நம் ஊரில் பழைய பொருளுக்குப் பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை, பேச வேண்டியதும்தான். ஆனால் அந்த 1,800-க்குள் கூரியர் காசு 250 ஒளிந்திருப்பது கேட்பவருக்குத் தெரியாது. விளக்கின் விலையைக் குறைப்பதாக நினைத்து அவர் கேட்கிறார். கூரியர்காரரோ ஒரு ரூபாய் குறைக்கமாட்டார். குறைகிற 300-ம் விற்பவரின் லாபத்திலிருந்தே போகிறது. விளக்கு 1,550, கூரியர் தனி என்று இருந்தால் பேரம் விளக்கைப் பற்றி மட்டும் நடக்கும்.

புத்தகத்தில் அநியாயம் இன்னும் வெளிப்படை. தபால் துறை 2025 மே 1 முதல் நடத்தும் ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், ஒரு கிலோ வரை 35, ஐந்து கிலோவுக்கு 100, வரி தனி. நாட்டின் எந்த மூலைக்கு அனுப்பினாலும் இதே ரேட். தலா முந்நூறு கிராமுக்குள் அடங்கும் மூன்று நாவல்களை ஒருவர் சேர்த்து வாங்கினால் ஒரே பார்சலில் 35 ரூபாயில் போய்விடும். மூன்றிலும் தலா 20 ரூபாயை விலைக்குள் ஏற்றி 'இலவசம்' என்று எழுதியிருந்தால் அவர் கொடுப்பது 60. அதிகம் வாங்குகிறவரே அதிகம் இழக்கிறார், இழந்தது அவருக்குத் தெரிவதும் இல்லை. பத்திரிகைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதால் பழைய தீபாவளி மலருக்கு ரேட்டே வேறு. இலவசம் என்று எழுதியிருந்தால் அங்கே அந்த வித்தியாசம் விற்பவர் மேல் விழும். அச்சிட்ட புத்தகங்களுக்கான பழைய பதிவுத் தபால் சலுகையை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். ஞான் போஸ்ட் வரும்வரை பல மாதம் புத்தகம் அனுப்புவதே பெருஞ்செலவு. போஸ்டேஜைத் தனியாக வாங்கியவர்கள் புது ரேட்டைச் சொல்லி அனுப்பினார்கள். விலைக்குள் புதைத்தவர்கள் போட்டுவைத்த பட்டியல் முழுவதும் ஒரே நாளில் நஷ்டக் கணக்காயிற்று.

கனமான பொருளுக்கு வருவோம். பழைய வால்வு ரேடியோ ஒன்றைச் சுற்றிலும் மெத்தை கொடுத்து 50 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரமுள்ள பெட்டியில் அடைத்தால் தராசு ஆறு கிலோ காட்டலாம். பல கூரியர்கள் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, 10.5 கிலோ என்று பில் போடுவார்கள். இலவசம் என்று வாக்குக் கொடுத்தவர் அந்தக் கவுன்டரில் நிற்கும்போது என்ன செய்வார்? பெட்டியைச் சின்னதாக்குவார். நான்கு விரற்கடை மெத்தை ஒரு விரற்கடை ஆகும். எங்கள் ஊரில் தறிக்கொட்டகைகளில் கழிகிற நூலைப் பந்துபந்தாக வைத்து, முன்பக்கக் கண்ணாடிக்கு அட்டை கொடுத்து, குமிழ்களைக் கழற்றித் தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டால் அந்த ரேடியோ எவ்வளவு தூரமும் பிழைத்துப் போகும். அதற்கு இடம் வேண்டும், இடத்துக்குக் காசு வேண்டும். ஐம்பது அறுபது வருஷம் தாக்குப்பிடித்த ஒரு பொருள் கடைசிப் பயணத்தில் உடைந்தால் அதற்கு மாற்று கிடையாது. இந்தக் கோபம்தான் என்னை இதை எழுத வைத்தது.

பக்கத்து ஊர்க்காரர் கதை வேறு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. ஆனாலும் இரண்டும் ரேணிகுண்டா–அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள ஊர்கள்தான். திருத்தணிக்காரர் ரயிலேறி வந்து பொருளைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து எடுத்துப்போகலாம். அவருக்கும் கவுகாத்திக்காரருக்கும் ஒரே விலை என்றால், வராத கூரியருக்கு அவர் எதற்குப் பணம் தர வேண்டும்? பழைய பொருளை நேரில் பார்த்து வாங்குவதைவிட நல்ல முறை இல்லை. இலவச டெலிவரி அதற்கான காரணத்தையே எடுத்துவிடுகிறது. கேஷ் ஆன் டெலிவரியும் சேர்ந்தால், வீட்டு வாசலில் "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதற்குப் போகவர இரண்டு பக்கக் கூலியும் விற்பவர் தலையில்.

பெரிய தளங்களும் இலவச டெலிவரியைத் திணிக்கின்றன. இருபது வருஷத்துக்கு மேல் பழைய பொருள்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் எட்ஸி, 2019-இல் அமெரிக்க வாடிக்கையாளர்களின் தேடலில் இலவசமாக அனுப்புபவர்களுக்கே முன்னிடம் என்று அறிவித்தது. சிறு விற்பனையாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் அரசோ சிறு புத்தகக் கடைகளைக் காக்க எதிர்த்திசையில் போனது. 2014-இல் புத்தகத்துக்கு இலவச டெலிவரியைத் தடை செய்தார்கள். அமேசான் ஒரு சென்ட் வாங்கி அதைத் தாண்டியது. 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த புதுப் புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ வாங்கியே ஆக வேண்டும்.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். படத்துக்குக் கீழே பொருளின் விலை, கட்டிய பின் எடை, பெட்டியின் அளவு, அனுப்பும் ஊர் புத்தூர், போஸ்டேஜ் தனி, சேர்த்து வாங்கினால் ஒரே பார்சல், நேரில் வந்தால் போஸ்டேஜ் இல்லை என்று எழுதுங்கள். அனுப்பிய ரசீதைப் படமெடுத்து வாங்கியவருக்குக் காட்டுங்கள். சிலர் விலகத்தான் செய்வார்கள். அந்தச் சிலரைப் பிடித்துவைக்க மற்ற அத்தனை பேரிடமும் மறைத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. வாங்குகிறவர்களே, "ஷிப்பிங் ஃப்ரீயா?" என்று கேட்பதற்கு முன் உங்கள் பின்கோடைச் சொல்லி எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.