மண்டியிட்டவர் கோழையா?

போன மாதச் சுவர் இதழில் மூன்று பேர் கிரிக்கெட் பற்றி எழுதிவிட்டார்கள். அதனால் நான் குத்துச்சண்டை பற்றி எழுதுகிறேன். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பவர்கள் பக்கத்துத் தாளில் உள்ள விடுகதைகளைப் படிக்கலாம்.

எங்க மாமா லாரி பட்டறையில் வேலை பார்க்கிறார். ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 91 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் மோதும் பிரிவு. லண்டனில் ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு விடியற்காலை. மாமா அதை செல்லில் பார்த்துவிட்டு, காலையில் எங்க வீட்டுத் திண்ணையில் பட்டறைக்காரர்களோடு வாதம் செய்வார். முதலில் நான் சடை பின்னிக்கொண்டே கேட்பேன். இப்போது நானும் சண்டைக்குப் போகிறேன்.

வாதம் எப்பவும் ஒன்றுதான். வளர்ந்து வரும் பையன்களில் பெரிய ஆளாக வரப்போவது யார்? மாமா, மோசஸ் இட்டௌமா கட்சி. 2004-ல் ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். 2025 ஆகஸ்ட் 16 அன்று ரியாத்தில் டில்லியன் ஒயிட்டை முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிடம் முடிவதற்குள் வீழ்த்தினார். அப்போது இவருக்கு வயது 20, ஒயிட்டுக்கு 37. "அடுத்த டைசன் புள்ள இவன்!" என்று மாமா தொடையில் தட்டினார்.

கை வேகம் எனக்கும் பிடித்தது. இல்லைன்னு சொல்லலை. ஆனால் இரண்டு நிமிடத்தில் முடித்தவரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்துவிட்டது? மூக்கில் ரத்தம் வடிந்து, பத்தாவது ரவுண்டில் கால் தள்ளாடும்போது அவர் என்ன செய்வார்? பானையை அடுப்பில் ஏற்றினால்தானே ஓட்டை தெரியும். டைசனே 1986-ல் 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அவரை யாராலும் தோற்கடிக்க முடியாது என்றார்கள். 1990-ல் டோக்கியோவில், யாருமே கணக்கில் எடுக்காத பஸ்டர் டக்ளஸ் பத்தாவது ரவுண்டில் அவரைக் கீழே தள்ளினார். இதைச் சொன்னதும் மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் டேனியல் டுபுவா கட்சி. இவரும் ஒரு காலத்தில் 'அடுத்த பெரிய ஆள்'தான். 15 சண்டையில் 15 வெற்றி, அதில் 14 நாக் அவுட். 2020 நவம்பர் 28, கொரோனா காலம், லண்டனில் ஆளில்லாத அரங்கம். எதிரில் ஜோ ஜாய்ஸ், ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். ஜாய்ஸ் தன் இடது கையால் அதே இடத்தில் குத்திக் குத்தி, டுபுவாவின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. பத்தாவது ரவுண்டில் இன்னொரு குத்து. டுபுவா தானாகவே மண்டியிட்டார். முழங்கால் தரையில் பட்டால் எதிராளி அடிக்கக் கூடாது. நடுவர் பத்து எண்ணுவார். அதற்குள் எழுந்தால் சண்டை தொடரும். டுபுவா எழவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது பேச்சு. பழைய குத்துச்சண்டைக்காரர்கள் சிலரே, பாதியில் விட்டுவிட்டான் என்றார்கள். திண்ணையிலும் அதே பேச்சுதான். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தால், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்திருந்தது, கண் நரம்பிலும் காயம். அவருக்கு அப்போது 23 வயது. எழுந்திருந்தால் கண்ணே போயிருக்கலாம்.

2023-ல் உக்ரைனின் உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் தோற்றபோதும் அதே பேரைச் சொன்னார்கள். ஆனால் 2024 செப்டம்பர் 21 அன்று வெம்ப்ளி மைதானத்தில், 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால், ஆன்டனி ஜோசுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஜோசுவா ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், இரண்டு முறை உலக சாம்பியன். அன்று திண்ணையில் யாரும் பழைய பேச்சை எடுக்கலை.

2025 ஜூலை 19-ல் அதே வெம்ப்ளியில் உசிக் மறுபடியும் அவரை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். 38 வயது உசிக்! அன்னைக்கு நான் சாப்பிடலை. மாமா கேலி செய்யாமல் போண்டா வாங்கிட்டு வந்தார். அதற்காக அவர் கட்சிக்கு மாற மாட்டேன். தோற்றவரைப் பற்றித்தான் நமக்கு நிறையத் தெரியும் என்பது என் கருத்து.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்றால், போன மாதம் நடந்த கபடிப் போட்டி. எங்க அணியில் ஒருத்தி (பேர் வேண்டாம்) பாதி ஆட்டத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலை சார்" என்று வெளியே வந்துவிட்டாள். இரண்டு புள்ளியில் தோற்றோம். வண்டியில் வரும்போது 'பயந்தாங்கொள்ளி' என்று ஒருத்தி ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். டுபுவாவுக்காக திண்ணையில் கத்துகிற அதே நான்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார் டாக்டர். உடனே "பார்த்தியா, சும்மா நடிச்சிருக்கா" என்று பேச்சு இன்னும் கூடிவிட்டது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. டுபுவாவுக்கு எலும்பு உடைந்திருந்ததால் அவர் பக்கம் பேச எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. உடையாமல் இருந்திருந்தால்? வலி அவருக்குத்தானே தெரியும்? வலிக்குது என்று சொல்வதற்கு எக்ஸ்ரே படத்தையும் கையில் பிடித்துக்கொண்டா வர வேண்டும்? வண்டியில் சிரித்த யாருடைய மணிக்கட்டும் அன்றைக்கு வலிக்கவில்லை.

அவள் இரண்டு வாரமாக மைதானத்துக்கு வருவதில்லை. மத்தியானம் சாப்பிடவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்காருகிறாள். நான் திங்கட்கிழமை அவளிடம் போய், நானும் சிரித்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மாமா பக்கம்தான் சரி என்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தமிழம்மாவிடம் கொடுங்கள். பதில் தயாராக இருக்கிறது.

— 9-ஆம் வகுப்பு மாணவி