பூட்டும் பொறுப்பும்

ஹோட்டலில் தங்கும் பிரயாணி கதவுப் பூட்டை நம்பியே கண்ணுறங்குகிறான். அந்நம்பிக்கை ஆதாரமற்றதென்பது 2024 மார்ச்சில் அம்பலமாயிற்று. 131 தேசங்களில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கதவுகளிலுள்ள 'சாஃப்லாக்' பூட்டுகளை, அந்தந்த ஹோட்டலின் பழைய சாவி அட்டை ஒன்று கிடைத்தால், அதைக் கொண்டு போலி அட்டைகள் செய்து திறந்துவிடலாமென ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். உற்பத்தியாளருக்கு 2022 செப்டம்பரிலேயே தெரிவித்திருந்தும், அதுவரை சீர்செய்யப்பட்டவை நூற்றுக்கு 36 மட்டுமே!

"உடைமைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பலகை தொங்கவிடும் முதலாளிகளைக் கேட்கிறோம்: பூட்டு உங்களுடையது, பொறுப்பு மட்டும் பிரயாணியுடையதா? பழுதான பூட்டை மாற்றுவது தயவன்று, கடமை. அக்கடமையை வற்புறுத்திக் கேட்கப் பிரயாணிகள் கூச வேண்டியதில்லை. அதுகாறும் உள்ளிருக்கையில் கதவுச் சங்கிலியை மாட்டுக. வெளியே செல்கையில் விலையுயர்ந்த பொருளை அறையில் விட்டுச் செல்லற்க.