நத்தையை இறக்கியவர் யார்? நஞ்சை மிதித்தவர் யார்?

பிலிப்பைன்ஸ் நாட்டில் நட்ட வயல் சில நாளிலேயே வெறும் சேறாகக் கிடப்பதுண்டு. இளம்பயிரை நத்தை தின்று தீர்த்துவிடுகிறது. "இயற்கையின் சோதனை" என்று கைவிரிக்கிறார்கள் கனவான்கள். நாம் கேட்கிறோம்: தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை கடல் கடந்து தானாகவா நீந்தி வந்தது?

இல்லை, தோழர்களே! வளர்த்து விற்றால் பணம் கொழிக்கும், ஏற்றுமதியும் செய்யலாம் என்று ஆசை காட்டி, 1980-களின் தொடக்கத்தில் சர்க்கார் ஆதரவோடு இறக்கினார்கள். வியாபாரம் படுத்தது. தொட்டியில் இருந்த நத்தை வாய்க்காலில் இறங்கி வயலில் ஏறியது. லாபக் கணக்குப் போட்டவர்கள் நஷ்டக் கணக்கை விவசாயியின் தலையில் கட்டினார்கள்.

பிறகு மருந்து வந்தது. வெள்ளீயம் சேர்ந்த கடும் நஞ்சு. அதைத் தெளித்த வயலில் வெறுங்காலோடு இறங்கியவன் உழைப்பாளி. நகம் கழன்றது, தோல் உரிந்தது, கண் மங்கியது. பின்னால் அந்நாட்டு அரசு தடை போட்டது. கழன்ற நகம் தடை உத்தரவால் ஒட்டிக்கொள்ளுமா? பஞ்சுத் தூசியை நெஞ்சில் வாங்கும் மில் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

வரப்போரத்திலேயே வேறு வழி இருக்கிறது. வயலுக்குள் ஒரு சாண் அகலத்தில் சிறு வாய்க்கால்கள் கீறி நீரை வடித்தால், ஈரம் தேடி நத்தை அங்கே கூடும். பப்பாளி இலை, சேம்பு இலை போட்டால் தின்ன வரும்; அள்ளிவிடலாம். அதே வாய்க்காலில் புகையிலை, மிளகாய், நம் சீந்திலுக்கு இனமான மக்கபுஹாய்க் கொடி, கூகோக் கொடியின் பட்டை இவற்றையும் போடுகிறார்கள். கூகோ நுரைக்கும், நம் சீயக்காய்போல அங்கே தலைக்குத் தேய்ப்பார்கள். அந்த நுரைச் சத்தே நத்தைக்கு எமன்.

ஆனால் தழை என்றால் சாது என்று நம்பவேண்டாம். நுரைச் சத்து மீனையும் கொல்லும். புகையிலைச் சாறு தோல் வழியே ஏறி ஆளையே கிறுகிறுக்க வைக்கும். வயல் முழுதும் கொட்டாமல் வாய்க்காலுக்குள் மட்டும் போடவேண்டும் என்பது அதனால்தான். "பச்சிலைதானே, கையுறை எதற்கு?" என்று கூலியாளிடம் கேட்கும் மிராசுதாரும், அந்த மருந்து வியாபாரியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

இன்னொன்று. வாய்க்கால் கீற, தழை நறுக்க, தண்டில் ஒட்டிய இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைச் சுரண்ட ஆள் வேண்டும். மருந்துச் செலவு மிச்சம் என்று மகிழும் நிலச்சுவான்தார் அந்த மிச்சத்தைக் கூலியில் காட்டட்டும். "நடவோடு நடவாக நாலு நத்தையும் பொறுக்கிப் போடு" என்ற பேச்சு நம்மிடம் செல்லாது. நத்தை பொறுக்குவது தனி வேலை. அதற்குத் தனிக் கூலி.