கேட்டதை மட்டும் தரும் ஏவலாள்

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்தவர்கள் அவருக்கு வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு. "உன் பொருளைப் பற்றி ஓர் அலர்ட் வைத்துவிடு, தம்பி" என்பதே அது. கூகிள் ஸ்காலரில் இரண்டு சொற்களை இட்டு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும். அச்சொற்களைக் கொண்ட புதிய கட்டுரைகள் வெளிவருந்தோறும் செய்தி தானே வந்து சேரும். நாமும் பெருங்கடமையொன்றை முடித்துவிட்ட மகிழ்ச்சியோடு தேநீர்க் கடைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அறிவுரை நல்லதே. ஆனால் அது சொல்லப்படும் காலம் தவறு என்பது என் கருத்து.

அலர்ட்டின் பயனை நான் குறைத்துக் கூறவில்லை. 1991-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தொடக்கத்தில் மின்னஞ்சல் வழியாகவே இயங்கியது. கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கு வரும் அதே பட்டியல், அதே நாளில், நம் விடுதி அறையில் இருப்பவனுக்கும் வருகிறது. இதழ் கப்பலில் வந்து சேரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறையை எண்ணிப் பார்த்தால், இது சிறிய சமத்துவம் அன்று.

எனினும் இந்த ஏவலாளின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டாமா? 1958-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதன் அடிப்படையை வகுத்தார். ஒவ்வொருவரின் விருப்பத்தையும் ஒரு சொற்பட்டியலாக்கி, புதிதாக வரும் ஆவணங்களோடு பொறி ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துவதை மட்டும் அவருக்கு அனுப்ப வேண்டும் என்றார். இன்றுவரை அலர்ட் செய்வது பெரும்பாலும் இதுவே. நாம் கொடுத்த சொல்லை அது காக்கும். நாம் கொடுக்க மறந்த சொல்லை அது கேட்காது.

நல்ல நூலகர் அவ்வாறல்லர். சீர்காழியில் பிறந்து, நம்மைப் போலவே வடக்கே வந்து காசியிலும் டில்லியிலும் பணியாற்றிய எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாக, படிப்பவரின் நேரத்தைக் காப்பாற்றுமாறு கூறினார். அலர்ட்டும் நேரத்தைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் நூலகர், "நீங்கள் தேடுவது இதுதானா, வேறொன்றா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பாதி ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது!

ஓர் எடுத்துக்காட்டு. இன்று உயிரியல் படிப்போர் நாவிலெல்லாம் கிரிஸ்பர் என்ற சொல் இருக்கிறது. அதன் வழியே பிறந்த மரபணுத் திருத்த முறை 2012-இல் வெளியாகி, 2020-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றது. ஆனால் ஈ. கோலி நுண்ணுயிரில் அந்த விந்தையான தொடர்களை ஒசாகாவின் ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டது 1987-இல். அன்று அவற்றுக்குப் பெயரே இல்லை. கட்டுரையின் தலைப்பிலும் அவை இல்லை. 2000-இல் ஸ்பெயின் நாட்டு மொஹிகா, பல நுண்ணுயிர்களில் அவற்றைக் கண்டு வேறொரு பெயரிட்டார். கிரிஸ்பர் என்ற பெயர் அச்சேறியது 2002-இல்தான். ஒரே பொருளுக்குப் பெயரில்லாத காலம் ஒன்று, பெயர் மாறிய காலம் ஒன்று! இடைக்காலத்தில் ஒரு சொல்லை மட்டும் நம்பியிருந்தவரின் அஞ்சற்பெட்டி வெறுமையாகவே இருந்திருக்கும். அவரோ, "துறையில் புதிதாக ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டியிருப்பார். வராத அஞ்சல், தான் வரவில்லை என்று நமக்குத் தெரிவிப்பதில்லை அன்றோ?

முதல் வாரத்தில் நமக்குத் தெரிந்த சொற்கள் பாடநூற் சொற்கள். துறையில் உழைப்போர் வழங்கும் சொற்களோ வேறு. ஆகவே முதலில் பத்துக் கட்டுரைகளையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அவற்றின் இறுதியிலுள்ள மேற்கோள்களைப் பின்தொடர வேண்டும். அதன்பின் அலர்ட் வைக்கட்டும். அப்போதும் சொல்லுக்கு வைப்பதைவிட, துறையின் ஆணிவேரான கட்டுரை ஒன்றுக்கு வைப்பது மேல். அதை மேற்கோள் காட்டும் புதிய கட்டுரைகள் எவை என்பதையும் கூகிள் ஸ்காலர் அஞ்சலில் தெரிவிக்கும். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதி, 1964-இல் மேற்கோள் அட்டவணையாக வெளியிட்ட எண்ணத்தின் வழித்தோன்றல் இது. பெயர் மாறினாலும் பின்வருவோர் முன்னோரைச் சுட்டுவர். மறுத்து எழுதுவோரும் சுட்டியே மறுப்பர். அந்த மறுப்பல்லவா நமக்கு முதலில் வர வேண்டியது?

உதவித்தொகை, நேர்முகத் தேர்வு முதலியவற்றுக்குக் கூகிள் அலர்ட்டை நம்பியிருப்போரும் நம்மிடையே உளர். கெடுதேதியுள்ள செய்திக்கு அதைத் துணையாகக் கொள்ளலாமேயன்றிப் பொறுப்பாளியாகக் கொள்ளலாகாது. உரிய நிறுவனத்தின் தளத்தை வாரம் ஒருமுறை நேரில் பார்ப்பதே முறை. தமிழில் அலர்ட் வைப்போருக்கு இன்னொரு தொல்லை உண்டு. தஞ்சை, தஞ்சாவூர், தஞ்சையில், தஞ்சாவூருக்கு என்று நம் சொல் வேற்றுமையேற்று உருமாறிக்கொண்டே போகும். இவை யாவும் ஓரூரே என்று பொறி எப்போதும் உணரும் என எண்ணியிருக்க வேண்டாம். இரண்டு மூன்று வடிவங்களையாவது தனித்தனியே இடுங்கள்.

முப்பது அலர்ட்டுகளை வைத்து ஒன்றையும் திறவாதவர்களைப் பற்றி எழுதினால் நண்பர்கள் சிலர் என்னோடு பேசமாட்டார்கள். மூன்று திங்களாகத் திறக்கப்படாததை நீக்கிவிட்டு, எஞ்சியதை வாரம் ஒருமுறை வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.