தராசுத் தட்டில் மனவுறுதியா?

 

கோவை கோட்டைமேட்டிலோ கரும்புக்கடையிலோ ஒரு வலீமா விருந்து நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் பகுதியில் உடல் பருத்த சகோதரி ஒருவர் பந்தியில் அமர்கிறார். அவர் தட்டில் விழும் பிரியாணியை அவர் பார்ப்பதற்கு முன்பே நான்கு பேர் பார்த்துவிடுகின்றனர். "வாயைக் கொஞ்சம் கட்டக்கூடாதாம்மா?" என்று மாமி ஒருவர் உரிமையோடு கேட்கிறார். கேட்டவர் அதை அறிவுரை என்றே நம்புகிறார். அதே பந்தியில் மெலிந்த உடல்வாகு கொண்ட ஒருவர் மூன்றாம் முறையாகச் சோறு கேட்டு வாங்கினாலும், "நல்லாச் சாப்பிடும்மா" என்ற உபசரிப்புத்தான் கிடைக்கிறது.

இந்த இரு வேறு நீதிகளுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பருத்த உடல் மனவுறுதி இல்லாமையின் அடையாளம். மெலிந்த உடல் தன்னடக்கத்தின் சான்று என்பதே அது. பெண் பார்க்க வருவோர் சொல்லாமல் சொல்லும் குறையும் இதுவே. சில வீடுகளில் கைக்கூலியின் தொகையை ஏற்றுவதற்குக் காட்டப்படும் காரணமும் இதுவே. "முதலில் எடையைக் குறை" என்ற ஏச்சுக்கு அஞ்சி, மூட்டு வலியோடும் சர்க்கரையோடும் மருத்துவரிடம் செல்லாமலே காலம் கடத்தும் தாய்மார்களும் நம்மிடையே உள்ளனர். ஆகவே இந்த நம்பிக்கை உண்மைதானா என்று சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகிறது.

சாண்டோ பிறந்த ஊர்

முதலில் நம் கொங்கு மண்ணிலிருந்தே தொடங்குவோம். கோவை இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்த சின்னப்பா தேவர், ஆலைத் தொழிலாளியாக இருந்து, தேகப்பயிற்சியில் பெயர் பெற்று, பின்னர் புகழ்மிக்கத் திரைப்படத் தயாரிப்பாளராக உயர்ந்தார். அவர் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்ட 'சாண்டோ' என்னும் பட்டம், பிரஷ்யாவில் பிறந்து உலகமெங்கும் தம் உடல் வலிமையைக் காட்டி வந்த யூஜின் சாண்டோவிடமிருந்து வந்தது. அந்நாளைய தேகப்பயிற்சிக் கூடங்களில் அகன்ற மார்பும் கனத்த தோளும் கொண்டவரே மன வைராக்கியம் மிக்கவராக மதிக்கப்பட்டார். வீடுகளிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. பூசிய உடம்புடைய பெண்ணை நல்ல வீட்டுப் பிள்ளை என்றும், மெலிந்தவளைச் சோறு காணாதவள் என்றும் நம் பாட்டிமார் கூறினர்.

இன்று அந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ஒரு காலத்தில் வலிமையின் அடையாளமாக இருந்த கனம், மறுகாலத்தில் பலவீனத்தின் அடையாளமாகிறது என்றால், மாறியது மனிதரின் மனவுறுதியா, பார்ப்பவரின் கண்ணா? எண்ணிப் பாருங்கள். காலத்துக்குக் காலம் நீண்டும் குறுகியும் போகும் முழக்கோலைக் கொண்டு எந்த வணிகரும் துணி அளப்பதில்லை. நாமோ அத்தகைய கோலைக் கொண்டு மனிதரையே அளந்து வருகிறோம்.

ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு ஒன்று இங்கே கருதத்தக்கது. 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2019-21இல் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. எடை என்பது மனவுறுதியின் அளவுதான் என்றால், ஐந்தாண்டுக் காலத்துக்குள் தமிழ்ப் பெண்களில் பத்துக்கு ஒருவர் புதிதாக மனவுறுதியை இழந்துவிட்டனர் என்று சொல்ல வேண்டும். அறிவுடையோர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாறியது மனமன்று, வாழ்க்கை முறையே மாறியது.

அம்மாற்றத்தின் ஒரு கதை கோவையிலேயே தொடங்குகிறது. மாவாட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியை 1950களில் கண்டவர் கோவையைச் சேர்ந்த ப. சபாபதி. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருளாக விளங்குகிறது. ஆட்டுக்கல்லின் முன்னே மணிக்கணக்கில் அமர்ந்து தோள் கடுக்க மாவாட்டிய பெண்களுக்கு அது பெரும் விடுதலை. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஆட்டுக்கல், அம்மி, உரல், கிணற்றுக் கயிறு ஆகியவை போனபோது அவை வாங்கிய உழைப்பும் உடன் போயிற்று. கம்பும் சோளமும் கேழ்வரகும் புழங்கிய கொங்கு நாட்டு அடுக்களையில் அரிசி நிறைந்தது. மைதாவும் சர்க்கரையும் மலிந்தன. திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கும், இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குபவருக்கும் நடக்க நேரமில்லை. உறக்கமும் சீராக இல்லை. உறக்கம் கெட்டால் பசி கூடும் என்பது மருத்துவம் உறுதிப்படுத்திய செய்தி.

நம் பாட்டிமார் மெலிந்திருந்தது அவர்கள் நாவை அடக்கியதால் மட்டுமன்று. அவர்கள் காலத்து அடுக்களை அவர்களை அப்படி வைத்திருந்தது.

பசியை ஆள்வது யார்?

அடுத்து உடலுக்குள்ளே பார்ப்போம். 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் லெப்டின் என்னும் சுரப்பை 1994இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவிலிருந்து சுரப்பது அது. மூன்றாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் இரு பிள்ளைகளைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணம் செய்துவந்த குடும்பம் அது. 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவள் உறவினனான 2 வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. இருவரும் பிறந்தபோது இயல்பான எடையுடனேயே பிறந்தனர். எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி தீரவில்லை.

அவர்கள் உடலில் லெப்டின் சுரக்கவே இல்லை என்பது தெரியவந்தது. அச்சிறுமிக்கு ஊசி வழியே லெப்டின் செலுத்திய மருத்துவக் குழுவின் முன்னணியில் இருந்தவர் ஸதஃப் ஃபாரூக்கி என்னும் பெண் மருத்துவர். சிறுமியின் பசி அடங்கியது. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ குறைந்தது. 1999இல் வெளிவந்த செய்தி இது. அதற்கு முன்பு அந்தப் பிள்ளையைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று சொல்வது, கண்பார்வை இல்லாதவரிடம் "உற்றுப் பார்" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இது மிக அரிய நோய். பருத்தவர் எல்லோருக்கும் இக்குறை இருப்பதில்லை. ஆயினும் பசியும் நிறைவும் நம் விருப்பத்துக்கு முழுதும் கட்டுப்பட்டவை அல்ல என்பதை அது ஐயமின்றிக் காட்டிவிட்டது. தைராய்டுக் குறை, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டவல்லவை.

எடையைக் குறைத்துக் காட்டியவர்களின் கதையும் கேட்கத்தக்கது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 30 வாரங்களில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் என்னும் ஆய்வாளர் பரிசோதித்தார். 2016இல் முடிவு வெளியானது. சராசரியாக 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அதற்கும் மேலாக, அவர்களின் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே இருந்தது. இழந்ததை மீட்கும்வரை உடல் கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறது. பல்லாயிரம் பேர் பார்க்கத் தம்மை வருத்திக்கொண்ட அவர்களிடம் மனவுறுதி இல்லை என்று யார் கூறமுடியும்?

பசியைத் தணிக்கும் செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டில் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டன. மருத்துவர் மேற்பார்வையின்றி அவற்றைத் தொடலாகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி போட்ட மறு மாதத்தில் ஒருவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார் என்றால், அந்த ஊசியில் மனவுறுதியையா நிரப்பி விற்கிறார்கள்?

நோன்பு சொல்லும் சாட்சி

இத்தனை ஆய்வுகள் இல்லாவிடினும் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. ரமலானில் கொங்கு நாட்டு வெயிலில், ஸஹர் முதல் மஃரிப் வரை துளி நீரும் அருந்தாமல், அடுப்பின் முன் நின்று பிறருக்காக நோன்புக் கஞ்சி காய்ச்சும் பருத்த உடல் கொண்ட தாய்மார் எத்தனை பேர்! முப்பது நோன்பையும் முடித்து, ஷவ்வால் ஆறையும் பிடிப்பவர்கள் அவர்கள். உணவைக் கண்முன் வைத்துக்கொண்டு மறுக்கும் ஆற்றலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பெருநாள் கழிந்து அவர்கள் எடை அப்படியே இருக்கலாம். உறுதி இருந்தது, எடையும் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதுவே போதும்.

மெலிந்தவர்களும் ஏமாறலாகாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தம் இருவர் உடலையும் ஒப்பிட்டு எழுதினர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியான இந்தியருக்கும் சர்க்கரை நோய் வருவதன் இரகசியம் இதில் அடங்கியுள்ளது. தராசு ஒருவரின் கொழுப்பையே சரியாகச் சொல்வதில்லை. குணத்தை எங்ஙனம் சொல்லும்?

பருத்தவர் ஒருவர், மெலிந்தவர் ஒருவர்

நம் முன்னோர் வரலாற்றில் இருவரை நினைவுகூர்வோம். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலினர், மெதுவாக நடப்பவர். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து மக்கள் கூட்டம் நெருக்குமுன் புறப்பட்டுவிட அவர் அனுமதி வேண்டியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்ததையும் புகாரி ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. எடையைக் குறித்து ஒரு சொல் இல்லை. வேண்டிய வசதி மட்டும் கிடைத்தது. அதே அன்னைதான் கொள்கைக்காகப் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து அபிசீனியா சென்றவர்.

மற்றவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி). அவருடைய மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபிகளார் உணர்த்தினார்கள். அடி விழும் என்று அறிந்தே கஅபாவின் முன் நின்று குர்ஆனை உரக்க ஓதியவர் அவர். பருத்த அன்னையிடமும் மெலிந்த தோழரிடமும் இருந்த உறுதி ஒன்றே. உடல்தான் வேறு.

நாம் செய்ய வேண்டியது

இதனால் எப்படியும் உண்ணலாம் என்று பொருளன்று. அளவுக்கு மிஞ்சிய எடை சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு ஆகியவற்றுக்கு வழி திறக்கிறது. வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் அந்த அறிவுரை ஒல்லியானவருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

ஏசுவதால் எடை குறையாது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 3,000 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், எடைக்காக இழிவுபடுத்தப்பட்டோருக்கு எடை கூடியிருந்தது. மற்றோருக்குச் சற்றுக் குறைந்திருந்தது. ஆகவே மாற்ற வேண்டியது ஒருவரின் தட்டை அன்று, வீட்டின் அடுக்களையை. வாரம் சில நாள் கம்பும் கேழ்வரகும் எல்லோருக்கும் சமைக்கட்டும். இஃப்தாரில் பொரித்தவை குறைந்து பழங்கள் கூடட்டும். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் இப்போது நடைபாதை இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் பெண்களை வீட்டு வேலையிலிருந்து அரை மணி நேரம் விடுவித்து, கணவரோ மகனோ துணை சென்று நடக்கச் செய்யலாம். எடை திடீரென ஏறினால் அதட்டலுக்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை நடக்கட்டும். பெண் பார்க்கச் செல்லும்போது எடையைப் பற்றிய பேச்சு நம் வாயிலிருந்து வராதிருக்கட்டும். பிறரை எள்ளுவதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதை நாம் அறிவோம்.

வாயைக் கட்ட வேண்டும் என்பது உண்மையே. பந்தியில் உண்பவரின் வாயைவிட, பந்தியைப் பார்த்துப் பேசுபவரின் வாயை முதலில் கட்டுவோம். அதற்குத்தான் மெய்யான மனவுறுதி வேண்டும்.