மேலே காய்ந்தாச்சு... உள்ளே சேறு! கோலார் 'சயனைடு மலை'யைக் கிளறும் முன் என்ன சோதனை தேவை?

நெய்க்காரப்பட்டி:

பழனி அருகே உள்ள நெய்க்காரப்பட்டி வட்டார விவசாயிகளுக்கு வண்டல் மண்ணைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தண்ணீர் வற்றிய குளத்தில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 'காஞ்சு போச்சு' என்று நம்பி டிராக்டரை இறக்கினால் டயர் புதைஞ்சிடும். காரணம், மேலே வெயில் காய்ச்சினாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியவில்லை.

குளத்தில் டிராக்டர் மாட்டினால் கயிறு கட்டி இழுத்து விடலாம். சுரங்கக் கழிவு அணையில் இதே சங்கதி ஊரையே விழுங்கி விடும்.

270 பேர் பலி

பிரேசில் நாட்டின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25-ந் தேதி இரும்புத்தாது சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் பலியானார்கள். அந்த அணையில் 2016-லேயே கழிவு கொட்டுவதை நிறுத்தி விட்டார்கள். மேலே புல் முளைத்து அமைதியாகத்தான் கிடந்தது. 2018-ல் 'உறுதியாக இருக்கிறது' என்று சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே நீர் சரியாக வடியவில்லை. திடீரென்று மண் கூழாக இளகி ஓடியது என்று நிபுணர் குழு சொன்னது.

குடுவைக்குள் ரகசியம்

தாதுவை மாவு போல அரைத்து உலோகத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுவது சேற்றுக் குழம்பு. இதை ஆய்வகத்தில் உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைப்பார்கள். தெளிந்த நீருக்கும் சேற்றுக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு இறங்குகிறது என்று நேரம் பார்த்துக் குறிப்பார்கள்.

துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், படியும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்க 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. துகளுக்கு 3 மணி நேரம். 0.001 மி.மீ. துகளுக்கோ சுமார் 13 நாள்!

அடுத்து, படிந்த சேற்றை வளையத்தில் அடைத்து எடை ஏற்றுவார்கள். எவ்வளவு அமுங்குகிறது, தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பது தெரியும். கடைசியாக, தண்ணீர் வெளியேற வழி விடாமல் மூடி அழுத்திப் பார்ப்பார்கள். அப்போதும் மண் தாங்குமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு வாளி மண்ணை மட்டும் சோதித்தால் போதாது. குழாய் வாய் அருகே மணல் படியும், நைசான சேறு தள்ளிப் போய்த் தங்கும. எனவே பல இடங்களில், பல ஆழங்களில் மாதிரி எடுக்க வேண்டும்.

தமிழர்கள் வாழும் ஊர்

நமக்குப் பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட இந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். அவர்கள் குடும்பங்கள் இன்றும் அங்கேதான். ஊரைச் சுற்றி 13 கழிவு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி, மழை பெய்தால் மண் அரிப்பு.

இந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் சொன்னது. வேலை கிடைக்கும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. நியாயம்தான். ஆனால் வழக்கமான முறையில் தங்கத்தைப் பிரிக்க, காய்ந்த மண்ணை மறுபடியும் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். தங்கம் போக மிஞ்சும் சேற்றை எங்கே கொட்டுவார்கள்? எத்தனை நாளில் வடியும்?

பதில் குடுவையில் இருக்கிறது. அந்த அறிக்கை அலுவலக பீரோவில் தூங்காமல், மேட்டடியில் குடியிருக்கும் மக்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்க வேண்டும். ஆபத்து எல்லைக்குள் வாழும் மக்களுக்குத் தகவல் சொல்வது கட்டாயம் என்று 2020 ஆகஸ்டில் வெளியான சர்வதேச விதிமுறையும் கூறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.