நாடும் வார்டும்

நமக்கு வரும் கொல்லிமலைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகின்றன: நாடு, ஊர், நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர், மலையாளிப் பழங்குடியின் மூதாதையராகக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள். தர்ஸ்டன் 1909இல் அச்சிட்ட கதை. இன்றும் அது நிகழ்காலத்திலேயே எழுதப்படுகிறது, செம்மேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் யாரும் கைப்பேசி பேசாததுபோல.

அடுத்த பத்தியில் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் வந்துவிடுவார். 1980இல் வெளிவந்த நூலில் அவர் சோழர் அரசை நாடுகளின் அடுக்காகக் காட்டினார். மன்னனின் சடங்குத் தலைமை எட்டிய தூரம் அவன் ஆட்சி எட்டவில்லை என்றார். இந்தச் சட்டகத்தை அவர் எடுத்தது, உகாண்டாவின் அலூர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் ஏடன் சௌதால் 1956இல் எழுதிய நூலிலிருந்து. கராஷிமா முதலிய வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டுகளை வைத்து அதை மறுத்தது தனிக்கதை.

என் குறை வேறு. 1960 ஒரே ஆண்டில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன, 1962இல் உகாண்டா. கொடி மாறியதும் கோட்பாடும் ஆட்டம் கண்டது. 1970இல் சௌதாலே ‘பழங்குடி’ என்ற வகைப்பாட்டை மாயை என்று எழுதினார். மறு ஆண்டு ஆர்ச்சி மஃபேஜே அதைக் கருத்தியல் என்றார். 1996இல் மஹ்மூத் மம்தானி, நாம் மரபுத் தலைவர் என்று கண்டவர் பெருமளவு காலனி ஆட்சி நிறுத்திவைத்த ஆள் என்று காட்டினார். நகரத்தாருக்குச் சட்டம், கிராமத்தாருக்கு வழக்காறு என்ற அந்த ஏற்பாடு விடுதலைக்குப் பின்னும் கலையவில்லை என்பது அவர் வாதம். நாம் மூலத்தை வாங்கினோம், திருத்தத்தை வாங்கவில்லை.

அதற்காக மம்தானியை அப்படியே மலையேற்றிவிடவும் முடியாது. அதே 1996இல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி முதல் தேர்தல் நடந்தது. கொல்லிமலையின் 14 நாடுகளும் இன்று 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு அதில் ஒன்று. 1996 டிசம்பரில் வந்த, பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதியே கிடையாது. ஆக, இங்கே அரசு ‘நாடு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது, பட்டக்காரரை விட்டுவிட்டது. ஆப்பிரிக்காவில் நடந்ததற்கு ஏறக்குறைய நேர்மாறு இது. ‘பழங்குடி’ என்ற சொல்லையும் மஃபேஜேயின் பேச்சைக் கேட்டு இங்கே தூக்கியெறிய இயலாது. இட ஒதுக்கீடும் வன உரிமையும் அதில்தான் தொங்குகின்றன.

2006 வன உரிமைச் சட்டம் கிராம சபையை முன்னிறுத்தியது. வாழவந்தி நாட்டில் அந்தச் சபை எது, ஊரா, நாடா? ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நிலத்தகராறு பெண் தலைவரிடம் முதலில் போகிறதா, பட்டக்காரரிடமா? இதை எழுதிய ஒரு கட்டுரைகூட நம் மேசைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த இதழுக்கு எழுதுவோர் ‘மலையாளிகளின் வழக்கம்’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், அதை எந்த ஆண்டில், யார் வாயால் கேட்டீர்கள் என்று குறித்து அனுப்புங்கள்.